சான்றிதழில் 'கேள்விக்குறி' விழுதா? கோளாறு பேப்பரில் இல்லை... திறந்து பார்க்கிற 'வியூவரில்'!

ராஜபாளையம்: ஆன்லைனில் எடுத்த சாதிச் சான்றிதழையோ ஆதாரையோ கம்ப்யூட்டரில் திறக்கிறீர்கள். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் கலரில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. 'கையெழுத்து சரிபார்க்கப்படவில்லை' என்று இங்கிலீஷில் ஒரு வரி வேறு. போச்சுடா, இது செல்லாது போலிருக்கே என்று வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மில் வேலைக்குப் போகிறவர் அரை நாள் லீவு போட்டு, ராஜபாளையம் தாலுகா ஆபீசுக்கோ ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கோ மறுபடி ஓடுவார். அங்கே 'எங்க சைடுல எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்பார்கள். காலேஜ் ஆபீசில் 'பச்சை டிக் இருந்தாத்தான் வாங்குவோம்' என்பார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது பிள்ளையைப் பெற்றவர்.

விஷயம் என்னவென்றால், பெரும்பாலான நேரங்களில் சான்றிதழில் ஒரு குறையும் இருக்காது. அதைத் திறந்து காட்டுகிற 'வியூவர்' என்ற சாப்ட்வேர்தான் அந்தக் கேள்விக்குறியைப் போடுகிறது. அந்த வியூவர் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் பல தடவை ஆளே மாறிவிட்டது. ஒவ்வொரு தடவை மாறும்போதும் உலகம் முழுக்க ஜனங்கள் கடுப்பானதும், கம்பெனிகள் சமாதானம் சொன்னதும் தனிக் கதை.

பி.டி.எப். வந்த கதை

சான்றிதழ், பட்டா, வில்லங்கச் சான்று, கோர்ட்டு உத்தரவு என்று சர்க்கார் கொடுக்கிற ஆன்லைன் பேப்பர் எல்லாமே 'பி.டி.எப்.' என்ற வகை பைல்தான். அடோப் என்ற அமெரிக்க கம்பெனி 1993ல் கொண்டுவந்தது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் எழுத்து, கட்டம், முத்திரை எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே நிற்கும். அதுதான் அதன் பெருமை. 2008ல் இது சர்வதேசத் தர நிர்ணயமாகவே ஆகிவிட்டது.

நம் மாவட்டத்துக்குத் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட கோர்ட்டு இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். முன்பெல்லாம் வழக்கில் என்ன உத்தரவு ஆச்சு என்று தெரிந்துகொள்ள வக்கீல் குமாஸ்தா பின்னாலேயே அலைய வேண்டும். இப்போது இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு நம்பரைப் போட்டால் உத்தரவு பி.டி.எப். ஆக வந்துவிடுகிறது. ஆக, இந்தப் பைலைத் திறக்கத் தெரிவது இன்றைக்கு ரேஷன் கார்டு வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தேவைப்படுகிற சங்கதி.

2000களில் பிரவுசிங் சென்டருக்குப் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். இன்டர்நெட்டில் ஒரு பி.டி.எப்.பைக் கிளிக் செய்தால், பிரவுசருக்குள்ளேயே அடோப் ரீடர் வந்து உட்காரும். கம்ப்யூட்டர் ஒரு நிமிஷம் அப்படியே திணறி நிற்கும். அப்புறம்தான் பக்கம் தெரியும். பிரவுசருக்குள் வந்து ஒட்டிக்கொள்கிற இந்தத் துணைச் சாப்ட்வேருக்குப் பெயர்தான் 'பிளக்-இன்'.

மெதுவாக இருந்தாலும் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. கையெழுத்து உண்மையா என்று சோதிக்கிற வசதி அடோப் ரீடரிடம் உண்டு. கெட்ட விஷயமும் இருந்தது. அந்தப் பிளக்-இன்னில் இருந்த ஓட்டைகள் வழியாக வைரஸ் நுழைந்தது. 2009 பிப்ரவரியில் இப்படி ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தபோது, அதை அடைக்க அப்டேட் வருவதற்கு முன்பே வைரஸ்காரர்கள் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர்.

ஆளை மாற்றிய குரோம்

இதனால் பிரவுசர் கம்பெனிகள், 'நீ வேண்டாம், நானே பார்த்துக்கிறேன்' என்று சொந்தமாக வியூவர் செய்துகொண்டன. கூகுள் குரோமில் 2010 டிசம்பரில் இந்த வசதி எல்லோருக்கும் வந்தது. பயர்பாக்சில் 2013 பிப்ரவரியில் வந்தது. பிறகு 2015ல் குரோம், பழைய வகை பிளக்-இன்களையே கதவைச் சாத்தி வெளியே தள்ளியது. ஏப்ரலில் பாதிக் கதவு, செப்டம்பரில் முழுக்கதவு. 2017 மார்ச்சில் பயர்பாக்சும் பிளாஷ் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் துரத்தியது.

சாதாரணமாகப் படிப்பதற்கு இது ரொம்ப நல்ல ஏற்பாடு. கிளிக் செய்த உடனே பக்கம் திறக்கும். ஆனால் சர்க்கார் பேப்பரை வைத்துப் பிழைப்பவர்களுக்கு இங்கேதான் தலைவலி ஆரம்பித்தது. குரோமின் வியூவர் பக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான். கையெழுத்து உண்மையா பொய்யா என்று சோதிப்பது அதன் வேலை இல்லை. சோதிக்காத கையெழுத்துக்கு மேல் பைலில் ஏற்கெனவே வரைந்து வைத்திருக்கிற படம் எதுவோ, அதையே காட்டும். பல சான்றிதழ்களில் அந்தப் படம், கேள்விக்குறி.

கம்பெனிகளிலும் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் வேறு மாதிரி ரகளை. அடோபில் செய்த சிலவகை விண்ணப்பப் படிவங்களைக் குரோமில் திறந்தால், 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரே ஒரு பக்கம் மட்டும் வரும். மணிக்கணக்கில் காத்திருந்தாலும் வேறு எதுவும் வராது! மத்திய கம்பெனி விவகாரத்துறைக்கு அனுப்ப வேண்டிய படிவங்களில் இந்தக் கூத்து ரொம்ப வருடம் நடந்தது. 2022ல் தொடங்கித்தான் அந்தப் படிவங்கள் படிப்படியாக நேரடி வெப் படிவங்களாக மாறின.

இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத சங்கதி ஒன்று தென் ஆப்பிரிக்காவில் நடந்தது. பிளாஷ் என்ற பிளக்-இன் 2020 டிசம்பர் 31ல் ஓய்வுபெற்றது. அந்நாட்டு வருமான வரித்துறையின் சில படிவங்கள் பிளாஷை நம்பி இருந்தன. 2021 ஜனவரியில் அந்தத் துறை என்ன செய்தது தெரியுமா? படிவத்தை உடனே மாற்ற முடியாமல், பிளாஷ் ஓடுவதற்கென்றே தனியாக ஒரு பிரவுசரை வெளியிட்டது. நம்ம ஊர் ஆபீஸ்களை மட்டும் குறை சொல்ல வேண்டியதில்லை.

2017ல் வெடித்த கோபம்

வெளியே தள்ளப்பட்ட அடோப் சும்மா இருக்குமா? பின்வாசல் வழியாக வந்தது.

2017 ஜனவரி 10ந் தேதி அடோப் ரீடருக்கு ஒரு அப்டேட் வந்தது. 29 ஓட்டைகளை அடைக்கிற பாதுகாப்பு அப்டேட். அவசியமானதுதான். ஆனால் அதோடு சேர்த்து, கேட்காமல் கொள்ளாமல், குரோமுக்குள் ஒரு 'எக்ஸ்டென்ஷன்' அதாவது புதுவகை பிளக்-இன்னையும் வைத்துவிட்டுப் போனது அடோப். அடுத்த தடவை குரோமைத் திறந்தவர்களுக்குத் திடீரென்று ஒரு பெட்டி: 'புதிதாக ஒன்று சேர்க்கப்பட்டுள்ளது. நீங்கள் பார்க்கிற எல்லா இணையதளங்களிலும் உள்ள தகவல்களைப் படிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி தரலாமா?'

பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பி.டி.எப். பார்க்க எதுக்குய்யா என் பேங்க் பக்கத்தையெல்லாம் படிக்கணும் என்பதுதான் பலரின் கேள்வி. குரோம் கடையில் அந்த எக்ஸ்டென்ஷனுக்கு ஒற்றை ஸ்டார் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள்.

கோபத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. வெப் பக்கத்தை பி.டி.எப். ஆக மாற்றித் தருவது அதன் முக்கிய வேலை. அதற்கோ அடோபின் காசு கொடுத்து வாங்குகிற சாப்ட்வேர் வேண்டும். இலவச ரீடர் வைத்திருப்பவர்களுக்கு, குரோமில் திறந்த பைலை ரீடரில் திறந்துகொள்வதைத் தவிர பெரிய பிரயோஜனம் இல்லை. போதாததற்கு, எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற விவரத்தைக் கம்பெனிக்கு அனுப்புகிற ஸ்விட்சும் முதலிலேயே 'ஆன்' செய்து வைக்கப்பட்டிருந்தது. பெயர், ஊர் எதுவும் எடுப்பதில்லை என்றது அடோப்.

இந்தச் சூடு ஆறுவதற்குள், கூகுளில் வேலை பார்த்த பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் டேவிஸ் ஆர்மண்டி அந்த எக்ஸ்டென்ஷனிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். அப்போது அது சுமார் 3 கோடி கம்ப்யூட்டர்களில் ஏறியிருந்தது. அதே மாதத்திலேயே அடோப் அதைச் சரிசெய்தது. ஓட்டையை அடைக்க வந்தவனே இன்னொரு ஓட்டை போட்ட கதைதான்.

2023ல் காட்சி மறுபடி மாறியது. மைக்ரோசாப்ட் தன்னுடைய எட்ஜ் பிரவுசரின் பி.டி.எப். வியூவரை எடுத்துவிட்டு அடோபின் இன்ஜினைப் போடப்போவதாக பிப்ரவரியில் அறிவித்தது. பக்கத்தின் மூலையில் அடோப் பெயர் சின்னதாக வந்து நின்றது. காசு கொடுத்தால் கூடுதல் வசதி என்ற அழைப்பும் கூடவே வந்தது. 'சும்மா இருந்த வியூவரில் எதுக்கு விளம்பரம்' என்று சிலர் முணுமுணுத்தார்கள். கையெழுத்து சமாச்சாரம் தெரிந்தவர்கள் என்னமோ இதை வரவேற்கத்தான் செய்தார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இந்தக் கூத்தெல்லாம் அமெரிக்காவில் நடந்தாலும், அதன் விளைவு நம் தாலுகா ஆபீஸ் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடை வரைக்கும் வந்து நிற்கிறது. ஒரே சான்றிதழ், ஒரு கடையில் டிக்கோடு வரும். அடுத்த கடையில் கேள்விக்குறியோடு வரும். இரண்டு கடையிலும் வியூவர் வேறு.

கேள்விக்குறிக்கு அர்த்தம் 'போலி' இல்லை

டிஜிட்டல் கையெழுத்து என்பது ஸ்கேன் செய்த கையெழுத்துப் படம் இல்லை. தாசில்தாரிடம் பென் டிரைவ் மாதிரி ஒரு சின்னக் கருவி இருக்கும். அதற்குள் அவருக்கு மட்டுமே உரிய ரகசியச் சாவி. சான்றிதழில் உள்ள அத்தனை எழுத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஒரு எண் எடுத்து, அந்தச் சாவியால் பூட்டிவிடுவார்கள். அப்புறம் யாராவது வருமானம் 72,000 என்பதில் ஒரு 2ஐ 1 ஆக மாற்றினாலும் கணக்கு உதைக்கும். பூட்டு உடைந்தது வெளியே தெரிந்துவிடும்.

அந்தச் சாவி தாசில்தாருடையதுதான் என்று யார் உத்தரவாதம் தருவது? அதற்கு லைசென்ஸ் வாங்கிய அமைப்புகள் உண்டு. அந்த அமைப்புகளுக்கு மேலே, 2000ம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட மத்திய அரசின் 'சி.சி.ஏ.' என்ற கட்டுப்பாட்டு அதிகாரி இருக்கிறார். வி.ஏ.ஓ.வுக்கு மேல் ஆர்.ஐ., அவருக்கு மேல் தாசில்தார் என்பது போல ஒரு சங்கிலி.

ரீடர் சாப்ட்வேர் இந்தச் சங்கிலியின் உச்சியில் இருப்பவரை 'எனக்குத் தெரிந்தவர்' என்று தன் பட்டியலில் வைத்திருந்தால் பச்சை டிக் போடும். பட்டியலில் இல்லாவிட்டால் கேள்விக்குறி போடும். அதாவது 'இவர் யார்னு எனக்குத் தெரியலை' என்கிறது. 'இது போலி' என்று சொல்லவில்லை. ஊருக்குப் புதிதாக வந்த போஸ்ட்மேனுக்கு உங்கள் வீடு தெரியாவிட்டால், வீடே இல்லை என்று ஆகிவிடுமா?

பயப்பட வேண்டியது சிவப்பு பெருக்கல் குறிக்குத்தான். கையெழுத்துப் போட்ட பிறகு பைலில் யாரோ கைவைத்திருந்தாலும், கையெழுத்திலேயே வேறு கோளாறு இருந்தாலும் அது விழும். அதை வாங்கிக்கொண்டு போய் எங்கேயும் கொடுக்காதீர்கள். மூலப் பைலை மறுபடி டவுன்லோடு செய்யுங்கள்.

டப்பாவில் எழுதினால் பால்கோவா ஆகுமா?

இன்னொரு பெரிய குழப்பம். பிரிண்ட் எடுத்த பேப்பரில் பச்சை டிக் இருக்க வேண்டும் என்று சில இடங்களில் அடம்பிடிக்கிறார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று டப்பாவில் அச்சடிக்க முடியாமல் போய்விட்டதா? அச்சடிப்பது யாராலும் முடியும். டப்பாவைப் பார்த்து பால்கோவாவைச் சொல்ல முடியாது.

பச்சை டிக்கும் அப்படித்தான். பேப்பரில் அச்சான பிறகு அது வெறும் மை. போட்டோ எடிட் தெரிந்த யாரும் ஐந்து நிமிஷத்தில் வரைந்துவிடலாம். டிஜிட்டல் கையெழுத்து உயிரோடு இருப்பது பைலில் மட்டும்தான். பேப்பரில் அதைச் சோதிக்கவே முடியாது. ஆகவே பேப்பரில் டிக் இருந்தால் அசல் என்றும் சொல்ல முடியாது, கேள்விக்குறி இருந்தால் போலி என்றும் சொல்ல முடியாது. பிரிண்ட் எடுத்த நேரத்தில் அந்தக் கடை கம்ப்யூட்டர் என்ன நினைத்தது என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

'டிக் போட்டுத் தர்றோம், தனி சார்ஜ்' என்று யாராவது சொன்னால், அதற்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

பேப்பரை வாங்குகிறவர் சோதிக்க வேண்டியது அதில் உள்ள க்யூ.ஆர். கட்டத்தையும் சான்றிதழ் எண்ணையும்தான். தமிழக அரசின் இ-சேவை தளத்தில் சான்றிதழ் எண்ணைப் போட்டால் அசல் விவரம் வரும். பட்டாவுக்கு வருவாய்த்துறையின் இ-சர்வீசஸ் தளத்தில் 'சரிபார்க்க' என்று தனி இடமே இருக்கிறது. பட்டாவில் உள்ள குறிப்பு எண்ணைப் போட்டால் போதும். ஆதாரில் உள்ள க்யூ.ஆர். கட்டத்தைப் படிக்க ஆதார் ஆணையத்தின் ஆப் இருக்கிறது. டிக் இல்லை என்று திருப்பி அனுப்புகிற கிளார்க்கிடம், 'சார், இந்த நம்பரைப் போட்டுப் பாருங்க' என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

மார்க் ஷீட், டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றுக்கு 'டிஜிலாக்கர்' இன்னும் சுலபம். 2017 பிப்ரவரியில் வந்த விதிமுறையின்படி, டிஜிலாக்கரில் அரசுத்துறை நேரடியாக வழங்கிய ஆவணம் அசலுக்குச் சமம்.

டிக் வர வைப்பது எப்படி?

பைலாகவே அனுப்ப வேண்டிய இடத்தில் டிக் வேண்டும் என்றால், அதற்கும் வழி இருக்கிறது. ஆதார் ஆணையமே இதை விளக்கி வைத்திருக்கிறது.

பைலை பிரவுசரில் திறக்காமல், முதலில் கம்ப்யூட்டரில் சேமியுங்கள். அப்புறம் அதன்மீது மவுசின் வலது பட்டனை அமுக்கி அடோப் ரீடரில் திறங்கள். ஆதார் பைல் என்றால் பாஸ்வேர்டு கேட்கும். ஆதாரில் இங்கிலீஷில் உள்ள பெயரின் முதல் நான்கு எழுத்து பெரிய எழுத்தில், அதோடு பிறந்த வருடம். சுரேஷ்குமார், 1990ல் பிறந்தவர் என்றால் எஸ், யு, ஆர், இ, அதற்குப் பிறகு 1990. நடுவில் இடைவெளி கூடாது. பெயரே மூன்று எழுத்துதான் என்றால் அந்த மூன்றும் வருடமும் போதும். இந்தப் பாஸ்வேர்டு தெரியாமல் பைல் கெட்டுப்போச்சு என்று நினைப்பவர்கள் ஏராளம்.

திறந்ததும் கேள்விக்குறி மீது வலது பட்டனை அமுக்கினால் 'வேலிடேட் சிக்னேச்சர்' என்று வரும். அதில் 'சிக்னேச்சர் ப்ராபர்ட்டிஸ்', அதற்குள் 'ஷோ சைனர்ஸ் சர்டிபிகேட்' என்று போக வேண்டும். அங்கே சங்கிலி முழுக்கத் தெரியும். உச்சியில் 'சி.சி.ஏ. இந்தியா' என்று இருக்கிறதா, கீழே கையெழுத்துப் போட்ட துறையின் அல்லது அதிகாரியின் பெயர் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், உச்சியில் உள்ள அந்த சி.சி.ஏ. பெயரைத் தேர்ந்தெடுத்து 'ட்ரஸ்ட்' என்ற பகுதியில் 'ஆட் டு ட்ரஸ்டட்' என்று உள்ளதை அமுக்கி, சம்மதம் கொடுத்து, மறுபடி 'வேலிடேட்' செய்தால் கேள்விக்குறி போய் பச்சை டிக் வந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பெயரைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு 'ட்ரஸ்ட்' அமுக்காதீர்கள். ஒரு பிராடு தனக்குத்தானே ஒரு கையெழுத்துச் சாவி செய்துகொண்டு, அதை நீங்கள் ட்ரஸ்ட் செய்துவிட்டால், அப்புறம் அவன் போடுகிற போலிக்கும் உங்கள் கம்ப்யூட்டர் பச்சை டிக்கே காட்டும். செல்போனில் பெரும்பாலும் இந்தச் சோதனையெல்லாம் நடக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல பைலை நாமே கெடுக்கிறோம்

டிக் வந்த பைலையும் கெடுக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு.

குரோமில் திறந்து, 'பிரிண்ட்' போய், 'சேவ் ஆஸ் பி.டி.எப்.' என்று கொடுத்தால் புதிதாக ஒரு பைல் உருவாகும். பார்க்க அச்சு அசலாக இருக்கும். ஆனால் அதில் டிஜிட்டல் கையெழுத்து இருக்காது. ஜெராக்ஸ் எடுத்த மாதிரிதான். டவுன்லோடு என்ற கீழ்நோக்கிய அம்புக்குறியை அமுக்கிச் சேமித்தால்தான் அசல் பைல் கிடைக்கும்.

அடுத்தது 'சைஸ் குறைப்பது'. விண்ணப்பத் தளத்தில் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். உடனே கூகுளில் தேடி, கண்ணில் பட்ட இலவச தளத்தில் ஆதாரையும் சாதிச் சான்றிதழையும் ஏற்றிச் சுருக்கி வாங்குவோம். சுருங்கும்போது கையெழுத்தும் போய்விடும். க்யூ.ஆர். கட்டம் மங்கி ஸ்கேன் ஆகாமலும் போகும். அதைவிட முக்கியம், உங்கள் ஆதார் எந்த நாட்டு கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தது என்றே தெரியாது. இப்படி பைலை மாற்றித் தருகிற இலவச தளங்களில் சில, வைரசையும் சேர்த்து அனுப்புகின்றன என்று அமெரிக்காவின் எப்.பி.ஐ. போலீசின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் எச்சரித்தது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாமல், 'டாக்குமெண்ட்' என்ற இடத்தில் போய் பைலாகவே அனுப்புங்கள்.

எழுத்து கட்டம் கட்டமாகவோ, கிறுக்கினது போலவோ தெரிந்தால் அது கையெழுத்துக் கோளாறு இல்லை, எழுத்துருக் கோளாறு. பழைய ஆபீஸ் பைல்கள் ஆளுக்கொரு தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அந்த எழுத்துரு பைலுக்குள் சேர்க்கப்படாமல் இருந்தால் வேறு கம்ப்யூட்டரில் கொத்துப்பரோட்டா ஆகிவிடும். 2010ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு இந்தத் தொல்லை குறைந்தது. ஒரு காலத்தில் மாலைப் பேப்பர் வெப்சைட்டைப் படிக்கவே முதலில் எழுத்துரு இறக்க வேண்டியிருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

'வியூவர்' வேஷத்தில் திருடன்

கேள்விக்குறியைப் பார்த்துப் பதறுகிற ஆளைத்தான் திருடனும் தேடுகிறான். 'உங்கள் வியூவர் பழசு, இதை அமுக்கி அப்டேட் செய்யுங்கள்' என்று ஒரு பெட்டி வந்தால் யாருக்குத்தான் கை போகாது?

குரோம் கடையில் 'பி.டி.எப். டூல்பாக்ஸ்' என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தது. 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். பைலை மாற்ற, ஒட்ட என்று வேலையும் ஒழுங்காகச் செய்தது. விளாடிமிர் பலாண்ட் என்ற ஆராய்ச்சியாளர் 2023ல் அதைப் பிரித்துப் பார்த்தபோது, எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதற்குள் வெளியிலிருந்து தன்னிஷ்டத்துக்கு எதையும் நுழைக்கிற ரகசிய ஏற்பாடு அதற்குள் ஒளித்து வைத்திருப்பது தெரிந்தது. தோண்டத் தோண்ட அதே கூட்டத்தில் மேலும் பல சிக்கின. கடைசியில் 32 எக்ஸ்டென்ஷன்கள், ஏழரைக் கோடி இன்ஸ்டால் என்று கணக்கு வந்தது. கூகுள் அவற்றைக் கடையிலிருந்து தூக்கியது.

2017ல் அடோப் கேட்டதற்கு ஜனங்கள் கொந்தளித்தார்களே, 'எல்லா இணையதளத்தையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி', இதுவும் அதே அனுமதிதான். அன்று ஒற்றை ஸ்டார் போட்டவர்கள் வீணாகக் கத்தவில்லை.

போனிலும் இதே கதை. 2024 மே மாதம் ஜீஸ்கேலர் என்ற பாதுகாப்பு கம்பெனி, கூகுள் பிளே ஸ்டோரிலேயே இருந்த இரண்டு ஆப்களை அம்பலப்படுத்தியது. ஒன்று பி.டி.எப். ரீடர், இன்னொன்று க்யூ.ஆர். ரீடர். இரண்டும் சேர்ந்து 70 ஆயிரம் தடவைக்கு மேல் டவுன்லோடு ஆகியிருந்தன. முதலில் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, அப்புறம் 'அப்டேட்' என்ற பெயரில் பேங்க் பாஸ்வேர்டு திருடுகிற வைரசை இறக்கின.

நம் நாட்டில் வாட்ஸ்அப் வழியாக இன்னும் பச்சையாக நடக்கிறது. 2024ல் போக்குவரத்து அபராதச் சலான் என்றும், கல்யாணப் பத்திரிகை என்றும் பைல் வந்தது. திறந்தால் அது பத்திரிகையும் இல்லை, சலானும் இல்லை, 'ஏ.பி.கே.' என்ற ஆப். போனில் உட்கார்ந்து எஸ்.எம்.எஸ்.சைப் படித்து ஓ.டி.பி.யை எடுத்துக்கொண்டது. ஆவணம் என்றால் பெயரின் கடைசியில் பி.டி.எப். என்று இருக்கும். ஏ.பி.கே. என்று முடிந்தால் சொந்த மச்சான் அனுப்பியிருந்தாலும் தொடாதீர்கள். மச்சான் போனையே அது பிடித்துவைத்திருக்கலாம்.

பி.டி.எப். படிக்க மட்டும் என்றால் தனியாக எந்த ஆப்பும், எக்ஸ்டென்ஷனும் தேவையே இல்லை. குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் வியூவர் உள்ளேயே இருக்கிறது. கையெழுத்தைச் சோதிக்க மட்டும் அடோப் ரீடரை அடோப் தளத்திலிருந்து நேராக எடுத்துக்கொண்டால் போதும். அதை ஏற்றும்போது கூடவே 'இதையும் சேர்க்கட்டுமா' என்று டிக் போட்டுக் கேட்கிற பெட்டிகளை மட்டும் எடுத்துவிடுங்கள்.

பிரவுசிங் சென்டர், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 7 கம்ப்யூட்டருக்கு குரோம் அப்டேட் 2023 தொடக்கத்திலேயே நின்றுபோனது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தருகிற வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டும் 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. நாள் முழுக்க ஊரார் பென் டிரைவ் ஏறி இறங்குகிற மிஷின் அது. வாடிக்கையாளரின் ஆதார், பட்டா பைல்களை டவுன்லோடு போல்டரில் அப்படியே விட்டுவைப்பதும் வேண்டாம். பிரிண்ட் எடுத்தவர்களும், 'அண்ணே, அந்தப் பைலை அழிச்சிருங்க' என்று கேட்டு, ரீசைக்கிள் பின்னிலும் காலி செய்தபிறகு நகர்வது நல்லது.

ஏதாவது தவறாக அமுக்கி பணம் போய்விட்டால், பேங்குக்குப் போய் வரிசையில் நிற்கும் முன் 1930 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். இது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு. தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, அதன்பிறகு உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம்.